வீடு திரும்பும் நாள்



திருவிழா நாளில் மருத்துவமனையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் அறுவைச் சிகிச்சையை அறியாத குடும்பம் இன்று அரிது. கண்புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல், கருப்பை நீக்கம், மூட்டு மாற்று என ஏதேனும் ஒன்று ஒவ்வோர் இல்லத்திலும் நிகழ்ந்திருக்கும். எந்த மருத்துவர், எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவு, எந்த நாள் உகந்தது என்றெல்லாம் வீட்டார் பலமுறை கூடிப் பேசுகின்றனர். எந்த நிலையில், எந்த நேரத்தில், யாருடைய பொறுப்பில் வீடு திரும்புவது என்பதை மட்டும் பெரும்பாலும் எவரும் பேசுவதில்லை. அது கடைசி நாள் காலையில் தானாகவே தெரியவரும் என்று விட்டுவிடுகின்றனர். பேசாமல் விடப்படும் அந்த ஒன்றே இவ்வுரையின் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். இது கற்பனையே, ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு செய்தியும் எங்கேனும் ஓர் இல்லத்தில் நிகழ்ந்திருக்கும். வந்தவாசிக்கு அருகில் உள்ள சிற்றூர் ஒன்றில் வாழும் 70 வயது அம்மையாருக்குச் சென்னை மருத்துவமனை ஒன்றில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடைபெறுகிறது. நான்காம் நாள் காலை 10 மணிக்கு மருத்துவர் வந்து, “இன்று வீட்டுக்குப் போகலாம்” என்கிறார். மகிழ்ச்சியுடன் பைகள் கட்டப்படுகின்றன. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகி வர நண்பகலாகிறது. பயன்படுத்தாத மருந்துகளைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடிக்கப் பிற்பகலாகிறது. காப்பீட்டு ஒப்புதல் வந்து சேர்வதற்குள் மாலை ஆறரை மணி. பொழுது சாய்ந்துவிட்டது.

அம்மையார் இரவு உண்ணா நோன்பைப் பல ஆண்டுகளாகக் காத்து வருபவர். “வண்டி எந்நேரமும் புறப்படும்” என்ற பரபரப்பில் மாலை உணவை எவரும் நினைக்கவில்லை. நண்பகலில் உண்டதோடு சரி. ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத்திற்குப் பின் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. உள்ளே செல்ல நான்கு படிகள் ஏற வேண்டும். வாக்கர் இன்னும் வாங்கப்படவில்லை. கழிப்பறை கொல்லைப்புறத்தில், அதுவும் குந்தி அமரும் வகையைச் சேர்ந்தது. “உணவுக்குப் பின்” என்று குறிக்கப்பட்ட மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்க அஞ்சி அம்மையார் எடுத்துவைத்துவிடுகிறார். மகன் மறுநாள் விடியற்காலையில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். கட்டை எப்போது மாற்றுவது, நிறுத்தி வைத்திருந்த பழைய மாத்திரைகளை எப்போது தொடங்குவது என்று மருமகள் கேட்கிறார். விடை சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை.

அறுவை குறையின்றி நடந்தது. மருத்துவர் தம் கடமையைச் செய்தார். மகனும் அன்பில் குறைந்தவர் அல்லர். குறை ஒன்றே ஒன்றுதான்: வீடு திரும்பும் நாளை எவரும் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை.

படுக்கை காக்கும் என்ற பழைய எண்ணம்

“இன்னும் நான்கு நாள் மருத்துவமனையிலேயே இருக்கட்டும், அதுதான் பாதுகாப்பு” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த எண்ணத்திற்குக் காரணம் இருந்தது. முற்காலத்தில் கண்புரை அறுவை செய்துகொண்டவரைத் தலை அசையாதவாறு இருபுறமும் மணல் மூட்டை வைத்துப் பல நாள் படுக்க வைத்தனர். வயிற்று அறுவை செய்துகொண்டவர் வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழவில்லை. அக்காலத்துத் தையலும் மயக்க முறையும் அவ்வாறு இருந்தன.

ஆயினும் அந்த நீண்ட படுக்கையைப் பற்றிய ஐயம் மருத்துவ உலகில் நெடுங்காலமாகவே இருந்து வந்தது. வயிற்று அறுவைக்குப் பின் நோயாளியை விரைவில் எழுப்பி நடக்க வைக்கலாம், விரைவில் உணவும் தரலாம் என்று அமெரிக்காவின் சிக்காகோ நகர மருத்துவர் எமில் ரீஸ் 1899இல் எழுதினார். இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு ஆஷர், படுக்கையில் கிடப்பதால் விளையும் கேடுகளை உறுப்பு உறுப்பாக விளக்கி 1947இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

இவர்களுக்கு இடையில் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜேம்ஸ் நிக்கலைத் தனியே குறிப்பிட வேண்டும். அவர் 10 ஆண்டுகளில் 8,988 குழந்தைகளுக்கு வெளிநோயாளர் பிரிவிலேயே அறுவை செய்து, அதனை 1909இல் அறிவித்தார். அறுவை முடிந்த குழந்தைகள் அன்றே தாயின் கையில் வீடு சென்றனர். குழந்தைக்குத் தாயை விடச் சிறந்த செவிலி இல்லை என்பது அவர் கொண்ட துணிபு. ஆனால் அவர் குழந்தையை அனுப்பிவிட்டுக் கைகழுவவில்லை. செவிலியர் வீடுகளுக்குச் சென்று பார்த்துவர ஏற்பாடு செய்தார். விரைவாக அனுப்புதலும் வீட்டில் கவனிப்பை உறுதி செய்தலும் பிரிக்க முடியாத இரண்டு என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

1990களில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகர அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெஹ்லெட் இந்த எண்ணத்தை ஒரு முறையாகவே வகுத்தார். பெருங்குடல் அறுவை செய்துகொண்டவர்கள் ஒரு வாரத்திற்கு மேல் மருத்துவமனையில் தங்கிய காலம் அது. அறுவைக்கு முன் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்குதல், வலியை நன்கு அடக்குதல், விரைவில் உணவளித்தல், விரைவில் நடக்க வைத்தல் ஆகியவற்றை ஒருங்கே செய்தால் அவர்களில் பலர் இரண்டு மூன்று நாள்களில் வீடு திரும்பலாம் என்று அவர் காட்டினார். இன்று உலகின் பல மருத்துவமனைகள் பின்பற்றும் விரைந்த நலமீட்பு முறைக்கு அதுவே அடித்தளம். ஈராஸ் என்ற சுருக்கப் பெயரால் மருத்துவர்கள் அதனைக் குறிப்பர்.

நீண்ட படுக்கையின் தீமை கண்ணுக்குத் தெரியாமல் சேர்வது. நல்ல உடல்நலமுள்ள முதியோரை 10 நாள் படுக்கையில் இருக்கச் செய்து ஆய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், அவர்களின் கால் தசை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்ததை 2007இல் அறிவித்தனர். நோயே இல்லாதவர்களுக்கு இந்நிலை என்றால், அறுவையும் வலியும் உணவுக் குறைவும் சேர்ந்த முதியவருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கால் நாளங்களில் இரத்தம் உறையலாம். நெஞ்சில் சளி கட்டலாம். மருத்துவமனைக் கிருமிகள் தொற்றலாம். இடமாற்றத்தால் முதியோருக்கு இரவில் மனத் தடுமாற்றம் வரலாம். அத்துடன், தேவையின்றி ஒருவர் தங்கும் படுக்கை, தேவையோடு வாசலில் காத்திருக்கும் மற்றொருவருக்குக் கிடைக்காமல் போகிறது.

முந்திப் போவதும் தீங்கே

இவ்வளவு கேட்டபின், எவ்வளவு விரைவில் போகிறோமோ அவ்வளவு நன்று என்று முடிவு கட்டிவிடுதலும் தவறாகும். செலவுக்கு அஞ்சியோ, வீட்டு விழாவை எண்ணியோ, மருத்துவரின் சொல்லை மீறிக் கையெழுத்திட்டுப் புறப்படுவோர் உண்டு. அவர்களில் சிலர் சில நாள்களில் காய்ச்சலோடும் சீழோடும் திரும்பி வருகின்றனர். இரண்டாம் முறை சேரும்போது செலவும் வேதனையும் இரட்டிப்பாகின்றன.

ஆதலின் கேட்க வேண்டிய கேள்வி “எத்தனை நாள்” என்பதன்று; “எந்த நிலையில்” என்பதே. அறுவைக்கு அறுவை நுணுக்கங்கள் மாறினாலும் பொதுவாக மருத்துவர்கள் பார்ப்பவை இவை: நோயாளி வாந்தியின்றி உண்ணவும் நீர் அருந்தவும் வேண்டும். ஊசியின்றி, மாத்திரையாலேயே வலி அடங்க வேண்டும். சிறுநீர் தடையின்றிப் பிரிய வேண்டும். வயிற்று அறுவையாயின் குடல் இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும். தம் முந்தைய ஆற்றலுக்கு ஏற்பக் கழிப்பறை வரையேனும் நடக்க வேண்டும். காய்ச்சல் இருத்தல் ஆகாது. காயம் தூய்மையாக இருக்க வேண்டும். இவை யாவும் உடலைப் பற்றியவை. இவற்றோடு, வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருவர் இருத்தலும், மருந்து முறை புரிந்திருத்தலும் சேர்ந்தால்தான் ஒருவர் வீடு திரும்பத் தகுதியுற்றவர் ஆகிறார். முன்னவற்றை மருத்துவர் பார்த்துக்கொள்வார். பின்னவற்றைக் குடும்பத்தார்தாம் ஆக்கித் தர வேண்டும்.

முதல் நாளிலேயே கேட்கும் கேள்வி

பிரித்தானிய நலவாழ்வுத் துறை 2010இல் வெளியிட்ட வழிகாட்டி, நோயாளி சேர்ந்த 24 முதல் 48 மணி நேரத்திற்குள் அவர் வீடு திரும்பக்கூடிய நாளைக் குறித்து, அதனை நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்கிறது. நோயாளியின் நிலை மாறினால் அந்த நாளும் மாறலாம். ஆயினும் ஒரு நாள் குறிக்கப்பட்டதும் எல்லாரும் அதனை நோக்கிப் பணி செய்யத் தொடங்குகின்றனர். எலும்பு முறிவு போன்ற அவசர அறுவையில் சேர்ந்த நாளிலேயே இக்கேள்வியைக் கேட்கலாம். நாள் குறித்துச் செய்யும் அறுவையாயின் அதற்கும் முன்பே கேட்கலாம். “எல்லாம் நன்றாக நடந்தால் எந்த நாளில் வீட்டுக்குப் போகலாம்? அன்று அவரால் என்னென்ன செய்ய முடியும், என்னென்ன முடியாது?” இவ்விரு கேள்விகளுக்கு எந்த மருத்துவரும் சினம் கொள்ளமாட்டார்.

விடை கிடைத்ததும் வீட்டைப் பார்க்க வேண்டும். மூட்டு மாற்று செய்துகொண்டவர் தரையில் அமர்வதும் குந்துவதும் கூடாது. பாயில் படுத்துப் பழகியவருக்கு உயரமான கட்டில் வேண்டும். மேற்கத்திய கழிப்பறை இல்லையேல், துளையிட்ட கமோடு நாற்காலி ஒன்றை வாங்கி வைக்கலாம். குளியலறைச் சுவரில் கைப்பிடி, இரவில் எரியும் சிறு விளக்கு, வழியில் கிடக்கும் மிதியடியை அகற்றுதல் ஆகியவை சிறு செலவில் முடிபவை. விழுந்து மீண்டும் எலும்பு முறிவதை இவை தடுக்கின்றன. படிகள் உள்ள வீடாயின், படி ஏறி இறங்கும் பயிற்சியை மருத்துவமனையிலேயே தருமாறு இயன்முறை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

அடுத்து, ஆளைப் பார்க்க வேண்டும். “வீட்டில் யாராவது இருப்பார்கள்” என்பது திட்டமன்று. அந்த “யாராவது” பெரும்பாலும் மருமகளாகவோ மகளாகவோ இருக்கிறார். அவரிடம் எவரும் முன்கூட்டிக் கேட்பதும் இல்லை. அவருக்கும் வேலை இருக்கலாம். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கலாம். அவரே உடல்நலம் குன்றியவராக இருக்கலாம். நோயாளியைத் தூக்கி அமர்த்தும் வலு அவருக்கு இல்லாமலும் இருக்கலாம். முதல் வாரம் யார், இரண்டாம் வாரம் யார், இரவில் யார் என்று குடும்பத்தார் எல்லாரும் அமர்ந்து முறை வகுத்துக்கொள்வதே நேர்மை. மகன் எடுக்கும் விடுப்பு, அறுவை நடக்கும் நாளை விட வீடு திரும்பிய பின் வரும் நாள்களுக்கே மிகுதியும் தேவை. அறுவை அரங்கின் வாசலில் ஐவர் காத்திருந்து, வீட்டில் ஒருவரும் இல்லாமற் போவதால் நோயாளிக்குப் பயனில்லை.

உணவு நெறியும் மருந்தும்

நோன்பு நெறி காக்கும் குடும்பங்கள் மருத்துவரிடம் முன்கூட்டிப் பேச வேண்டிய செய்திகள் சில உள்ளன. கூச்சத்தால் இவற்றைச் சொல்லாமல் விடுவதே பின்னர்த் துன்பமாகிறது.

முதலாவது, அறுவைக்கு முந்தைய பட்டினி. பொதுவாகத் திட உணவை அறுவைக்கு 6 மணி நேரத்திற்கு முன்பும், தெளிந்த நீர்மங்களை 2 மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்தினால் போதும் என்பது மயக்க மருத்துவத்தின் இன்றைய நெறி. ஆனால் முந்தைய நாள் சூரியன் மறையுமுன் உண்டு முடித்தவருக்கு மறுநாள் நண்பகலில் அறுவை என்றால் 18 மணி நேரம் கடந்துவிடுகிறது. சிலர் இரவில் நீரும் அருந்துவதில்லை. இதனை மயக்க மருத்துவரிடம் சொன்னால், அறுவையைக் காலையில் முதலாவதாக வைக்க முயல்வார். அல்லது சூரியன் உதித்தபின் எதுவரை நீர் அருந்தலாம் என்று நேரம் குறித்துத் தருவார். நீரிழிவு உள்ளவர்கள் இதனைச் சொல்லியே ஆக வேண்டும். உடல் வறண்டும் களைத்தும் அறுவைக்குள் செல்பவர் எழுந்து நடக்கத் தாமதமாகிறது. வீடு திரும்புதலும் தாமதமாகிறது.

இரண்டாவது, மருந்து நேரம். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் உணவுக்குப் பின் என்று எழுதப்படும் மருந்துகளில் பலவற்றைப் பகற்பொழுதுக்குள் அமையுமாறு மருத்துவரால் மாற்றித் தர இயலும். ஒரு நாளைக்கு ஒரு முறையோ இரு முறையோ உண்ணும் மருந்துகளும் உண்டு. நீரிழிவு மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் இரவு உணவு இல்லாமையை ஒட்டி அளவு மாற வேண்டியிருக்கும். இல்லையேல் நள்ளிரவில் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் நேரலாம். இம்மாற்றங்களை மருத்துவரே செய்ய வேண்டும். இரவு மாத்திரையை வீட்டில் தாமாகவே விட்டுவிடுதல் பேரிடர்.

மூன்றாவது, மருந்தின் மூலப்பொருள். கேப்சூல்கள் பலவற்றின் மேலுறை, விலங்கிலிருந்து பெறப்படும் ஜெலட்டினால் ஆனது. மூட்டு மாற்று போன்ற பெரிய அறுவைகளுக்குப் பின் இரத்தம் உறையாதிருக்கப் போடப்படும் எனாக்சபாரின் ஊசி, பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படும் ஹெபாரினிலிருந்து ஆக்கப்படுகிறது. வீடு திரும்பிய பின் ஒருவர் இதனை அறிந்து, எவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டால், காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்று உயிரையே பறிக்கலாம். இதனை அறுவைக்கு முன்பே சொல்லியிருந்தால் வேறு வழி பார்க்கலாம். கேப்சூலுக்கு மாற்றாக மாத்திரையோ நீர்மருந்தோ பல நேரங்களில் கிடைக்கும். முழுவதும் வேதிமுறையில் ஆக்கப்படும் ஃபோண்டாபாரினக்ஸ் ஊசியும், ரிவாரோக்சபான், அபிக்சபான் போன்ற மாத்திரை வகைகளும் உள்ளன. சிறுநீரக நிலை, இரத்தப்போக்கு அபாயம் முதலியவற்றைக் கண்டு எது பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்வார். நெறியும் உயிரும் ஒன்றுக்கொன்று பகையாக நிற்பது, பேச வேண்டியதைப் பேசாமல் விட்ட இடத்தில்தான்.

கடைசி நாளின் காகிதங்கள்

வீடு திரும்பும் நாளின் முதல் எதிரி தாமதம். நாளை அனுப்பக்கூடும் என்று தெரிந்தால், முந்தைய மாலையிலேயே செவிலியரிடம் சொல்லி மருந்துக் கணக்கையும் இடைக்காலப் பில்லையும் பார்த்துவிடலாம். காப்பீடு உடையவர்கள் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மருத்துவமனையிலிருந்து வேண்டுகோள் சென்ற 3 மணி நேரத்திற்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதலைத் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால், அதனை நிறுவனமே ஏற்க வேண்டும். கட்டணத் தகராற்றைக் காரணம் காட்டி நோயாளியைப் போகவிடாமல் நிறுத்திவைத்தல் கூடாது என்பது தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்திலும் உள்ளது. எனினும் மாலைக்கு மேல் ஆகிவிடும் என்று தெரிந்தால், இரவுப் பயணத்தைத் தவிர்த்து மறுநாள் காலை புறப்படுவதே முதியோருக்கு நலம். எந்நேரம் புறப்பட்டாலும் பொழுது சாயுமுன் அவருக்கு உணவளிக்க மறத்தல் ஆகாது.

இரண்டாம் எதிரி, படிக்கப்படாத டிஸ்சார்ஜ் சம்மரி. அதனைப் பையில் வைக்குமுன் செவிலியரோடு அமர்ந்து ஐந்து செய்திகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அறுவையின் பெயரும் நாளும். உடலினுள் பொருத்தப்பட்ட கருவி ஏதேனும் இருந்தால் அதன் விவரம். இரண்டாவது, புதிய மருந்துகள். ஒவ்வொன்றும் எதற்காக, எத்தனை நாளுக்கு என்பது. மூன்றாவது, பழைய மருந்துகள். இதயநோய் உடையவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மருந்துகளை அறுவைக்கு முன் சில நேரங்களில் நிறுத்துவர். எந்த நாளில் மீண்டும் தொடங்குவது என்று எழுதி வாங்காவிடில், அவை நின்றே போகும்; அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் நேர இடமுண்டு. நான்காவது, தையல் பிரிக்கும் நாளும் அடுத்து மருத்துவரைக் காணும் நாளும். ஐந்தாவது, இன்னும் வராத ஆய்வு முடிவுகள். அகற்றிய பித்தப்பையும் கட்டியும் திசு ஆய்வுக்கு அனுப்பப்படுவதுண்டு. கல்லுக்காக எடுத்த பித்தப்பையில் எதிர்பாராமல் புற்றுநோய் காணப்படுவது அரிது, ஆனால் உண்டு. அந்த அறிக்கையை வாங்க யாரும் போகாவிட்டால், குணப்படுத்தக்கூடிய காலம் கடந்துவிடும்.

செவிலியர் சொன்னதைத் தலையசைத்துக் கேட்டால் போதாது. வீட்டில் மருந்து கொடுக்கப் போகிறவர், கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். ஊசி போடுவதையும் கட்டு மாற்றுவதையும் வடிகுழாய்ப் பையைக் காலி செய்வதையும் ஒருமுறையேனும் செவிலியர் முன்னிலையில் செய்து பார்த்துவிட வேண்டும். மகன் கேட்டுக்கொண்டு மருமகள் செய்வதாயின், கேட்க வேண்டியவர் மருமகளே.

வீட்டில் முதல் 30 நாள்

அறுவைக் காயத்தில் வரும் தொற்று பெரும்பாலும் முதல் 30 நாளுக்குள் தோன்றும். கருவி பொருத்திய அறுவையில் 90 நாள் வரை மருத்துவர்கள் கவனிப்பர். இடுப்பு மூட்டு மாற்று செய்துகொண்டவர்களுக்கு இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தை 35 நாள் வரை தொடர்வதும் உண்டு. எனவே வீடு திரும்பிய நாளோடு சிகிச்சை முடிந்துவிடவில்லை. அது இடம் மாறியது, அவ்வளவே.

சுவரில் ஒரு தாளை ஒட்டி, அதில் பெரிய எழுத்தில் இவற்றை எழுதிவைக்கலாம்: 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழ், சிவப்பு, பிளவு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், ஓயாத வாந்தி, வயிறு உப்புதல், சிறுநீர் பிரியாமை, பித்தப்பை அறுவையாயின் கண் மஞ்சளித்தல். இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனையை அழைக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனையில் எந்த எண்ணை அழைப்பது, இரவில் யார் எடுப்பார் என்பதையும் புறப்படுமுன் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சிற்றூர்களில் வாழ்வோர்க்கு மற்றொரு துணையும் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளோடு இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வருகிறது. அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் முன்பே சொல்லிவைப்பது நலம். தையல் பிரிக்க மட்டும் சென்னைக்கு வர வேண்டுமா, ஊரிலேயே பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டால், பல நேரங்களில் பயணமும் மிச்சமாகும்.

ஊராரும் அறக்கட்டளைகளும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாக்கர், கமோடு நாற்காலி, சாய்வு கட்டில் ஆகியவை ஒரு வீட்டில் சில மாதங்களே தேவைப்படுகின்றன; பின்னர்ப் பரணில் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டிப் பொதுவில் வைத்து, தேவைப்படுவோர்க்குக் கொடுத்து வாங்கினால், பல குடும்பங்களின் சுமை குறையும். நான்கு வகைத் தானங்களுள் ஔடத தானத்தை ஒன்றாக வைத்துப் போற்றும் சமுதாயத்தில், ஒரு வாக்கரும் மருந்தேதான்.

முன்பு கண்ட அம்மையாரின் வீட்டை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அறுவை நாள் குறித்த அன்றே வீட்டார் கூடிப் பேசியிருந்தால், கட்டிலும் வாக்கரும் காத்திருக்கும். மருந்து நேரங்கள் பகலுக்குள் அமைந்திருக்கும். கணக்கு முந்தைய மாலையே சரிபார்க்கப்பட்டிருக்கும். வண்டி நண்பகலில் புறப்பட்டு, பொழுது இருக்கும்போதே வீடு சேரும். பயிற்சி பெற்ற காலோடு அம்மையார் நான்கு படிகளையும் மெல்ல ஏறி, மருமகள் வைத்த உணவை உண்டு, மாலை மாத்திரையையும் விழுங்கிவிட்டுச் சூரியன் மறைவதைத் தம் திண்ணையிலிருந்தே காண்பார். அதே அறுவை, அதே மருத்துவர், அதே மகன். வேறுபாடு, சில நாள் முன்னதாகக் கேட்ட சில கேள்விகளே.

அடுத்த முறை எந்த இல்லத்திலேனும் அறுவைக்கு நாள் குறிக்கப்படும்போது, அதற்குப் பக்கத்தில் வீடு திரும்பும் நாளையும் குறித்துக்கொள்வார்களாக.

எல்லா உயிரும் நலமுற்று வாழ்க. நல்லறம் ஓங்குக.